வீரசக்கதேவி திருவிழாவுக்கு எங்கே தங்கலாம்?

கேள்வி: மே மாதம் பாஞ்சாலங்குறிச்சித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். கட்டுப்படியாகும் வாடகையில் அறை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தேட வேண்டாம். 1974-ல் எழுப்பிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டையும் வீரசக்கதேவி கோயிலும் உள்ள சிற்றூர் அது. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அருகிலுள்ள தூத்துக்குடியில்தான் தங்கப் பார்க்கிறார்கள். பள்ளி விடுமுறை, முகூர்த்த நாட்கள், திருச்செந்தூர்க் கோயிலுக்குப் போகும் கூட்டம் எல்லாம் சேரும் மாதம் மே. வாடகை ஏறத்தான் செய்யும்.

அதனால் கோவில்பட்டியைப் பாருங்கள். தொலைவு கூடுதல்தான், ஆனால் மதுரை–நெல்லை ரயில் பாதையும் நான்குவழிச் சாலையும் அந்த ஊர் வழியாகவே போகின்றன. அங்குள்ள செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவும் ஏப்ரலிலேயே முடிந்திருக்கும், அந்தக் கூட்டம் இருக்காது.

செயலியில் பார்த்த வாடகையோடு நிற்காமல் லாட்ஜுக்கே போன் பண்ணுங்கள். வரி சேர்த்தா, கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, 24 மணி நேரக் கணக்கா அல்லது பகல் 12 மணிக்கே காலி செய்ய வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். இரவு 10 மணிக்கு வந்திறங்கும் குடும்பத்துக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.7,500 வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், பில்லில் 12 என்று இருந்தால் விடாதீர்கள்.

விழா வழக்கமாக மே இரண்டாவது வாரம் வெள்ளி, சனியில் நடக்கிறது. வாகனக் கட்டுப்பாடுகள் இருக்கும். மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.