பாட்டி சாப்பிட்ட ஏழு அடுப்புகள்

"அந்தக் காலத்தில் எல்லாரும் கூட்டுக்குடும்பம்தான். மருமகள்கள் வந்துதான் வீட்டைப் பிரித்தார்கள்." கல்யாணப் பந்தியில் இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் பாட்டி நினைவு வரும்.

கும்பகோணம் பக்கத்துக் கிராமம். பாட்டி பிறந்த வீட்டில் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் மட்டும்தான். வாழ்க்கைப்பட்ட இடத்திலோ மாமனார், மாமியார், இரண்டு ஓரகத்திகள். மாமனார் காலமான மறுவருஷம் பாகம் பிரித்தார்கள். முற்றம் பொது, அடுப்பு தனி. பிறகு தாத்தாவும் பிள்ளைகளும். மூத்த மகனுக்குக் கல்யாணமானதும் மறுபடி கூட்டுக்குடும்பம். இம்முறை மாமியார் இடத்தில் பாட்டி. பிள்ளைகள் வேலைக்காக ஊர்விட்டுப் போக, கிழவனும் கிழவியுமாக இருவர். தாத்தா போனபின் ஒற்றை ஆள். கடைசி மூன்று வருஷம் எங்கள் வீட்டில்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒரே சமையலில் உண்டு சேர்ந்து வாழ்கிறவர்களை ஒரு குடும்பமாக எண்ணுகிறது. கணக்கெடுக்க வந்தவர் எந்த வருஷம் கதவைத் தட்டினாரோ, அந்த வருஷத்து வகையில்தான் பாட்டி பதிவாகியிருப்பார். குஜராத் கிராமமொன்றை ஆராய்ந்த சமூகவியலாளர் ஏ. எம். ஷா 1973இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் அழுத்திச் சொன்னார்: வீடு கூடும், பிரியும், மறுபடி கூடும்.

'எல்லாரும்' கூட்டாக வாழ்ந்தார்கள் என்பதற்கு ஆயுசும் இடம் கொடுக்கவில்லை. மூன்று தலைமுறை ஒரு வீட்டில் இருக்க மூத்தவர் உயிரோடு இருக்க வேண்டுமே. 1961இல் இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. 2011இல் தமிழ்நாட்டில் பத்துப் பேருக்கு மேல். பேரன் கல்யாணம் வரை பார்க்கும் தாத்தா பாட்டிகள் இன்றுதான் அதிகம்.

வீடு பிரிவதற்குக் காரணங்கள் பல: பெரியவர் மரணம், நிலப் பங்கு, வளர்ந்த பிள்ளைகளுக்குப் போதாத அறை, வெளியூர் வேலை. பாட்டி வீட்டில் பாகம் பிரித்த அன்று அவர் வாயே திறக்கவில்லை. பேசியது மூன்று அண்ணன் தம்பிகள். ஆனாலும் ஊர் 'அவள் வந்து பிரித்தாள்' என்றது. அந்தப் பழியைச் சாகும்வரை சுமந்தார். இது அநியாயம்.

தனியே சமைக்கிற முதியவர்கள் எல்லாரும் கைவிடப்பட்டவர்கள் என்பதும் தவறு. அடுத்த தெருவிலிருந்து தினம் கேரியரில் குழம்பு வரும் வீடுகள் உண்டு. ஒரே கூரையின் கீழ் ஒருவாய்ச் சோற்றுக்கு ஏங்குகிறவர்களும் உண்டு. பெற்றோருக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டமும் பிள்ளைகளிடம் பராமரிப்பைத்தான் கேட்கிறது, சேர்ந்து வாழச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டு மூத்தவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தெந்த வயதில், யார் யாரோடு ஒரே அடுப்பில் சாப்பிட்டீர்கள்? சொல்வதை எழுதி வையுங்கள். வீடு பிரிந்த கதை வரும்போது, அன்று பேசியவர்கள் யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.