சிறு விமானத்தின் கருவிப் பலகை: பழையதும் புதியதும்

மேகத்தினுள் நுழைந்த விமானிக்கு வானும் மண்ணும் வேறுபாடின்றித் தோன்றும். சமநிலையை உணர்த்தும் உட்செவியும் அவரை ஏமாற்றிவிடும். விமானம் மெல்லச் சாய்ந்து திரும்புகையிலும் நேராகச் செல்வதாகவே அவர் எண்ணுவார். அந்நிலையில் அவருக்கு உயிர்த்துணையாவது கருவிப் பலகையே. அப்பலகை அண்மைக் காலத்தில் பெற்றுள்ள மாற்றத்தை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

அறுவகைக் கருவிகள்

எடுத்துக்காட்டாக, 1956இல் அமெரிக்காவில் அறிமுகமான செஸ்னா 172 என்னும் நால்வர் அமரும் விமானத்தைக் கொள்வோம். இவ்வகையில் 44,000க்கும் மேற்பட்ட விமானங்கள் உருவாக்கப்பெற்றுள்ளன. இவற்றுள் பழையனவற்றில் ஆறு வட்டமுகக் கருவிகள் முதன்மை பெறுகின்றன. வேகமானி, உயரமானி, ஏற்ற இறக்கமானி ஆகிய மூன்றும் காற்றழுத்தத்தால் இயங்குவன. செயற்கை அடிவானம், திசைகாட்டி, திருப்பங்காட்டி ஆகிய மூன்றும் விரைந்து சுழலும் சுழலியைக் கொண்டவை. இவற்றுள் முதலிரண்டையும் பெரும்பாலும் எஞ்சினால் இயங்கும் வெற்றிடப் பம்பு ஒன்றே சுழற்றுகின்றது. மூன்றாவது பெரும்பாலும் மின்சாரத்தால் இயங்கும்.

பம்பு பழுதுற்றால் சுழலி உடனே நின்றுவிடுவதில்லை. வேகம் குன்றக் குன்றப் பொய் காட்டத் தொடங்கும். முற்றும் நின்றுபோன கருவியினும் பொய் காட்டும் கருவியே கொடிது.

புதிய திரைகள்

மின்னணுக் கருவியில் இத்தகைய சுழலியோ பம்போ இல்லை. நுண்ணுணரிகள் விமானத்தின் அசைவை அளக்க, திரை அதனைப் படமாகக் காட்டும். 2016இல் அமெரிக்காவில் கார்மின் ஜி5 போன்ற விலை குறைந்த கருவிகளைப் பழைய விமானங்களிலும் பொருத்த இசைவு கிடைத்தது, மாற்றம் விரைவுற்றது. எனினும், பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவதோடு பணி முடிவதில்லை. மின்சுமையைக் கணக்கிட வேண்டும். விமானத்தின் எடையையும் ஈர்ப்பு மையத்தையும் மீண்டும் கணித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

எஞ்சி நிற்கும் பாடம்

2002 முதல் 2006 வரை உருவான 8,000க்கும் மேற்பட்ட சிறு விமானங்களை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டது. திரை பொருத்திய விமானங்களில் மொத்த விபத்து வீதம் குறைவாக இருந்தது. உயிர்ச்சேத விபத்து வீதமோ மிகுந்திருந்தது. அவை மேற்கொண்ட பயணங்களின் தன்மையும் வேறுபட்டதாதலின், திரையே காரணம் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆயினும், கருவிக்கேற்ற தனிப்பயிற்சி இன்றியமையாதது என்று அவ்வாரியம் வலியுறுத்தியது.

இதன் காரணத்தை உய்த்துணரலாம். பழைய மானியில் முள்ளின் சாய்வைக் கண்ட அளவிலேயே நிலை விளங்கும். எண்ணைப் படிக்க வேண்டுவதில்லை. புதிய திரையிலோ எண்கள் பட்டையாக மேலும் கீழும் நகர்கின்றன. செய்தி ஒன்றே, எழுத்து வேறு. எழுத்து மாறினால், கற்றவரும் மீண்டும் அரிச்சுவடியைத் தொடத்தான் வேண்டும்.

ஆகவே, கருவிக்குச் செலவிடுவோர் பயிற்சிக்கும் ஒரு பங்கு ஒதுக்குதல் வேண்டும். தெளிந்த வானில், ஆசிரியர் அருகிருக்க, திரை இருண்டதாகக் கொண்டு மாற்றுக் கருவிகளால் ஓட்டிப் பழகுதல் நன்று. பலகை ஒரு வாரத்தில் புதிதாகலாம். அதனைப் படிக்கும் கண் பயிற்சியால் மட்டுமே புதிதாகும்.