வாகன இன்சூரன்ஸ்: நம் தொழிலும் ஓட்டிய வரலாறும் கட்டணத்தை எப்படி மாற்றுகின்றன?



நம் ஊரில் வாகனத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆட்டோ, டாக்ஸி ஓட்டுபவர்கள், ஆரணி, வந்தவாசி, செங்கம் என்று சரக்கு ஏற்றிச் செல்பவர்கள், பௌர்ணமி நாட்களில் கிரிவலத்துக்கு வரும் வெளியூர் மக்களை ஏற்றி இறக்குபவர்கள் எனப் பலர். சொந்த உபயோகத்துக்குக் கார் வைத்திருப்போரும் பெருகிவிட்டார்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்தால் இவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "எதில் குறைவாக வரும்?" ஏஜென்ட் சொல்லும் தொகையைக் கட்டிவிட்டுப் பாலிசித் தாளை வண்டிக்குள் போட்டுவிடுகிறோம். அதை எடுத்துப் படிப்பது விபத்து நடந்த பிறகுதான்.

அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது? நாம் செய்யும் தொழிலும், இதுவரை வண்டி ஓட்டிய வரலாறும் அதில் எங்கே வருகின்றன? இதைத் தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்த மட்டுமல்ல. தவறாக எடுத்த மலிவான பாலிசி, ஒரு விபத்தோடு குடும்பத்தின் வீட்டையே கடனில் தள்ளிவிடும். எனவே இம்மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பாலிசியின் இரண்டு பகுதிகள்

முதல் பகுதி "தேர்ட் பார்ட்டி". நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதத்துக்கானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவின்படி இது கட்டாயம். இது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இதன் கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. ஆகவே எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒரே தொகைதான். முப்பது ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டியவருக்கும், நேற்று லைசென்ஸ் வாங்கியவருக்கும் இதில் வேறுபாடு கிடையாது.

இரண்டாவது "ஓன் டேமேஜ்". நம் வண்டிக்கு ஏற்படும் சேதம், திருட்டு ஆகியவற்றுக்கானது. இதன் விலை 2007 முதல் நிறுவனங்களின் கையில் விடப்பட்டுள்ளது. வண்டியின் மாடல், வயது, இன்றைய மதிப்பு, பதிவான ஊர் ஆகியவற்றைப் பார்த்து விலை சொல்வார்கள். சென்னை போன்ற பெருநகரத்தில் பதிவான காரைவிட நம் டி.என். 25 வண்டிக்குப் பொதுவாகச் சற்றுக் குறைவாகவே வரும். நாம் ஓட்டிய வரலாறு பேசுவது இந்த இரண்டாவது பகுதியில்தான்.

கேட்கப்படுவது வண்டியின் தொழில்

பிரிட்டனில் கார் இன்சூரன்ஸ் எடுக்கப் போனால் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். பதிலைப் பொறுத்துக் கட்டணம் ஏறும், இறங்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1988-இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த சட்டம், ஓட்டுநரின் பாதுகாப்பு வரலாறு, ஆண்டுக்கு ஓட்டும் தூரம், ஓட்டிய அனுபவ ஆண்டுகள் ஆகிய மூன்றுக்கே கட்டணத்தில் முதலிடம் தர வேண்டும் என்கிறது.

நம் நாட்டில் நிலைமை வேறு. சில நிறுவனங்கள் அரசு ஊழியர், ஆசிரியர், மருத்துவர் போன்றோருக்கு ஓன் டேமேஜ் பகுதியில் சிறு தள்ளுபடி தருவதுண்டு, கேட்டுப் பெறலாம். ஆனால் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது நம் தொழில் அல்ல. வண்டி என்ன தொழில் செய்கிறது என்பதுதான். சொந்த உபயோகமா, வாடகையா, சரக்கா?

2022 ஜூன் முதல் அமலான தேர்ட் பார்ட்டி கட்டணங்களைப் பாருங்கள். 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள சொந்த உபயோகக் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். அதே கார் டாக்ஸியாக இருந்தால் அடிப்படை 7,940 ரூபாய். அதற்கு மேல் அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு பயணிக்கும் 978 ரூபாய். நான்கு பயணிகள் என்றால் மொத்தம் 11,852 ரூபாய். வேறுபாடு 8,436 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வாகனத்துக்கு 16,049 ரூபாய். புதுப்பிக்கும்போது அன்றைய கட்டணத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

டாக்ஸிக்கு ஏன் இவ்வளவு அதிகம்? சொந்தக் கார் பெரும்பாலான நேரம் வாசலில் நிற்கிறது. டாக்ஸியோ இரவும் பகலும் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடுகிறது. உள்ளே முன்பின் அறியாத மனிதர்கள் இருக்கிறார்கள். ஓட்டுபவருக்குத் தூக்கம் குறைவு. ஆபத்து எங்கே கூடுகிறதோ அங்கே கட்டணமும் கூடுகிறது.

ஓன் போர்டு வண்டி வாடகைக்குப் போனால்

அந்த 8,436 ரூபாயை மிச்சப்படுத்தும் ஆசையில்தான் பலர் ஓன் போர்டு காரை வாடகைக்கு ஓட்டுகிறார்கள். பௌர்ணமி, கார்த்திகை தீபம், கல்யாண சீசன் என்றால் "ரெண்டு நாள் ட்ரிப்தானே" என்ற எண்ணம். 2023 அக்டோபரில் செங்கம் அருகே அடுத்தடுத்து நடந்த கோர விபத்துகளில் எத்தனை உயிர்கள் போயின என்பது நமக்குத் தெரியும். விபத்து ரெண்டு நாள் ட்ரிப்பா, தினசரி ட்ரிப்பா என்று பார்த்து வருவதில்லை.

ஒரு சகோதரர் தன் சொந்தக் காரில் வாடகைக்கு ஆட்களை ஏற்றிச் செல்கிறார், வழியில் விபத்து நடந்து ஒருவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியது பாலிசி நிபந்தனையை மீறிய செயல். இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் பலமுறை பிறப்பித்துள்ள உத்தரவு இதுதான்: இன்சூரன்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முதலில் இழப்பீட்டைக் கொடுக்கட்டும், பிறகு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். லைசென்ஸ் கோளாறு தொடர்பான 2004-ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கிலும், பெர்மிட் இல்லாதது தொடர்பான 2018-ஆம் ஆண்டு அம்ரித் பால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது. இறந்தவர் குடும்பத்துக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நம் சகோதரரின் வாசலுக்கு வசூல் நோட்டீஸ் வருகிறது. தொகை பல லட்சமாக இருக்கலாம். அதைக் கட்ட வீட்டையோ நகையையோ விற்கத்தான் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டியதற்கு 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் தனியாக இருக்கின்றன.

சொந்த வண்டியின் சேதத்துக்காவது பணம் வருமா? 2010-இல் அமலேந்து சாகூ வழக்கில், சொந்த உபயோக வண்டி வாடகைக்கு ஓடியது என்ற காரணத்தால் கிளைமை முழுவதுமாக நிராகரிக்கக் கூடாது, ஒரு பகுதியைக் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆறுதலான தீர்ப்புதான். ஆனால் அந்தப் பகுதியைப் பெற அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்த சொந்தக் காரில் உறவினர்களைச் சும்மா ஏற்றிச் சென்றாலும், உள்ளே இருப்பவர்களுக்கு அந்தப் பாலிசி பொறுப்பேற்பதில்லை. இரண்டு பகுதிகளும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியில் அவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்பதை 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. குடும்பத்தோடு பயணம் செய்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

ஓட்டிய வரலாறு: நோ கிளைம் போனஸ்

ஓன் டேமேஜ் பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் கிளைம் வாங்காமல் இருந்தால் அடுத்த ஆண்டு 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் என்றால் 25, மூன்று என்றால் 35, நான்கு என்றால் 45, ஐந்து என்றால் 50 சதவீதம். ஒரே ஒரு கிளைம் வாங்கினாலும் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இதில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் ஓன் டேமேஜ் கட்டணம் 10,000 ரூபாய். 50 சதவீதச் சலுகை இருப்பதால் அவர் கட்டுவது 5,000. கேட்டில் உரசி பம்பருக்கு 4,000 ரூபாய் செலவாகிறது. கிளைம் செய்தால் கட்டாயப் பிடித்தம் 1,000 போக 3,000 கையில் வரும். அடுத்த ஆண்டு சலுகை போய்விடுவதால் 10,000 கட்ட வேண்டும். பிறகு 8,000, 7,500, 6,500, 5,500 என்று குறைந்து, ஆறாம் ஆண்டில்தான் பழைய 5,000-க்கு வருவார். ஐந்து ஆண்டுகளில் அவர் கூடுதலாகக் கட்டியது 12,500 ரூபாய். வண்டி பழசாகும்போது அடிப்படைக் கட்டணமும் குறையும் என்பதால் உண்மைத் தொகை சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் 3,000 ரூபாய்க்காக இவ்வளவு இழப்பது நஷ்டமே. சிறு உரசலைக் கைக்காசில் சரிசெய்து, பெரிய சேதத்துக்கு மட்டும் கிளைம் செய்வது நல்லது.

இந்தச் சலுகை வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்கும்போது நிறுவனத்திடம் இதற்கான சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டால் புதிய காருக்குப் பயன்படுத்தலாம். அதே காரணத்தால், பழைய கார் வாங்குபவர் முந்தைய உரிமையாளரின் சலுகையைத் தன்னுடையதாகக் காட்ட முடியாது. உரிமையாளர் வஃபாத்தாகி வண்டி மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ வந்தால் சலுகையும் அவர்களுக்கு மாறலாம். கணவரை இழந்த சகோதரிகள் இதைக் கேட்டுப் பெற வேண்டும். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சலுகை போய்விடும். வளைகுடாவில் கார் வைத்திருந்து ஊர் திரும்புபவர்கள், அங்கே கிளைம் வாங்கவில்லை என்ற சான்றிதழைக் கையோடு கொண்டுவந்து இங்கே கேட்டுப் பார்க்கலாம்.

நிறுவனம் மாறும்போது, கிளைம் வாங்கியிருந்தும் "வாங்கவில்லை" என்று விண்ணப்பத்தில் எழுதச் சொல்லும் ஏஜென்டுகள் உண்டு. அது பொய் உறுதிமொழி. கண்டுபிடிக்கப்பட்டால் ஓன் டேமேஜ் பகுதியின் பலன் அனைத்தும் ரத்தாகும் என்று அந்த உறுதிமொழியிலேயே எழுதப்பட்டிருக்கும். கையெழுத்து நம்முடையது என்பதால் பொறுப்பும் நம்முடையதே.

போக்குவரத்து அபராதங்கள்

சிக்னல் மீறல், அதிவேகம் போன்ற அபராதங்கள் பிரீமியத்தைக் கூட்டுமா? 2021 ஜனவரியில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழு இதற்கு ஒரு பரிந்துரை வெளியிட்டது. போதையில் ஓட்டுவதற்கு 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்துவதற்கு 10 புள்ளி என்று குற்றத்துக்கு ஏற்பக் கணக்கிட்டு, அதன்படி பிரீமியத்தைக் கூட்டலாம் என்பது அதன் சாரம். டெல்லியில் சோதனையாகத் தொடங்கலாம் என்றும் சொன்னது. நாடு முழுவதற்குமான கட்டாய விதியாக இது வரவில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிகிறது. 2022 ஜூலையில் ஓட்டும் தூரத்துக்கும் ஓட்டும் முறைக்கும் ஏற்பக் கட்டணம் வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. குறைவாக ஓட்டுபவர்கள் இந்த வசதியை விசாரிக்கலாம். நம் பிள்ளைகள் இன்று வாங்கும் அபராதச் சீட்டு, நாளை அவர்களின் பிரீமியத்தில் ஏறலாம்.

ஓட்டுபவரின் உயிர்

லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு பாலிசியோடு எடுக்கப்படுகிறது. இது உரிமையாளருக்கு மட்டுமே. சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருப்பவர்கள் அவருக்கான சட்டப் பொறுப்பையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 50 ரூபாய் அளவில்தான் ஆகும். தனியாக விபத்துக் காப்பீடு எடுக்கப் போனால் அங்கே தொழிலைக் கட்டாயம் கேட்பார்கள். கடையில் உட்கார்ந்து வேலை செய்பவரைவிட ஓட்டுநருக்குக் கட்டணம் அதிகம். தொழில் எதுவாக இருந்தாலும் ஒரே தொகை என்றால் அது பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டம். வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையுள்ளோர் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய்.

மார்க்கம் அனுமதிக்கிறதா?

வணிக ரீதியான இன்சூரன்ஸ் பற்றி உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி அதை ஏற்கவில்லை. கூட்டுறவு முறையையே மாற்றாகச் சொன்னது. அந்த முறையிலான தகாஃபுல் மலேசியாவில் 1984-இலேயே சட்டமானது. நம் நாட்டில் அந்த வசதி இல்லை. தேர்ட் பார்ட்டியோ சட்டம் கட்டாயமாக்கியது. பிறர் உயிருக்கும் உடைமைக்கும் ஈடு தரும் ஏற்பாடு. அதற்கு மேல் எடுப்பது பற்றி அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் விண்ணப்பத்தில் உண்மையை எழுத வேண்டும் என்பதிலும், நம் வண்டியால் பாதிக்கப்பட்டவரின் உரிமை நம் மீதுள்ள ஹக்குல் இபாத் என்பதிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

புதுப்பிக்கும் முன் சரிபார்க்க

1. ஆர்.சி.யில் உள்ள உபயோகமும், வண்டி உண்மையில் செய்யும் வேலையும், பாலிசியில் எழுதப்பட்டதும் ஒன்றாக இருக்கின்றனவா?
2. கடந்த ஆண்டு கிளைம் வாங்கினோமா? அது சரியாக எழுதப்பட்டுள்ளதா?
3. ஓட்டுபவரின் லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருக்கிறதா?
4. குடும்பத்தோடு போகும் காருக்குப் பேக்கேஜ் பாலிசி உள்ளதா? சம்பள ஓட்டுநர் சேர்க்கப்பட்டுள்ளாரா?
5. பாலிசியின் நகல் வீட்டிலும் ஒன்று இருக்கிறதா? வீட்டுப் பெண்களுக்கு அது இருக்குமிடம் தெரியுமா?

வண்டி வாடகைக்கு ஓடுகிறதென்றால் அதை டி போர்டாக மாற்றிவிடுங்கள். கூடுதலாகக் கட்டும் அந்த எட்டாயிரத்துச் சொச்சம், நம் பிள்ளைகளின் தலைக்கு மேலுள்ள கூரைக்குக் கொடுக்கும் காவல்கூலி. அல்லாஹ் நம் பயணங்களை ஆஃபியத்தானவையாகவும், நம் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும் ஆக்குவானாக. ஆமீன்.