படிக்கும் மகனும் கடைக் கணக்கும்

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் எங்களில் பலர் மகனைக் கடைக்கு எடுத்துக்கொள்கிறோம். "பட்டப்படிப்பை ஒரு பக்கம் படி, கடையையும் பார்" என்கிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். அதில் இருந்த பிழையை ஒரு பிள்ளையின் படிப்பு நின்ற பிறகே விளங்கிக்கொண்டேன்.

மூத்த மகன், வேலை செய்துகொண்டே படிக்கக்கூடிய ஒரு முகாமைத்துவப் பட்டப்படிப்பில் சேர்ந்தான். எங்கள் புடவைக் கடை காலை 8.30க்குத் திறந்து இரவு 8.30க்குப் பூட்டப்படும், கிழமையில் 6 நாள். இடையில் நேரம் கிடைக்கும்போது படிக்கட்டும் என்று நினைத்தேன். கடையில் நேரம் கிடைக்காது என்பது வியாபாரிகளுக்குத் தெரியாதா?

இரண்டாம் வருடப் பரீட்சை நோன்புப் பெருநாள் வியாபாரத்தோடு மோதியது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு சரக்கு லொறி வந்தது. "வாப்பா, நாளைக்கு எனக்குச் சோதனை" என்று ஒரு தடவை சொன்னான். "இதை இறக்கிவிட்டுப் போகலாம் மகன்" என்றேன். 11 மணியாகிவிட்டது. அந்தப் பாடத்தில் அவன் சித்தியடையவில்லை. மறுவருடம் பதியவும் இல்லை. இன்று கடையைத் திறமையாக நடத்துகிறான். ஆனால் படிவங்களில் கல்வித் தகைமை என்ற இடம் வந்ததும் அவனது பேனை சற்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இளையவன் பட்டப்படிப்புக்குப் பதிந்தபோது, கடையில் ஸ்டொக் எடுப்பதுபோல் அவனது கிழமையைக் கணக்கெடுத்தோம்.

கிழமைக்கு 168 மணித்தியாலம். தூக்கம் நாளைக்கு 8 வீதம் 56. சாப்பாடு, தொழுகை, குளிப்பு, பயணம் நாளைக்கு 4 வீதம் 28. மிச்சம் 84. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பட்டப்படிப்பின் ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலப் படிப்பு. விரிவுரை, ஒப்படை, சுயபடிப்பு எல்லாம் சேர்த்து 1500. அதை 50 கிழமைகளுக்குப் பிரித்தால் கிழமைக்கு 30. கையில் மிஞ்சுவது 54.

மூத்தவனிடம் நான் வாங்கிய வேலை, பகல் சாப்பாட்டையும் தொழுகையையும் கழித்தாலும் 63 மணித்தியாலம். பற்றாக்குறை 9. அதைத் தூக்கத்திலும் படிப்பிலும் வெட்டித்தான் அவன் ஈடு செய்தான். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சாதாரண வேலை நேரத்தைக் கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வைத்திருக்கிறது. சிப்பந்திகளுக்கு அதைப் பார்த்த நான் மகனுக்குப் பார்க்கவில்லை.

இளையவனுக்கு நாங்கள் வைத்த ஒழுங்கு இதுதான்:

1. கடை வேலை பிற்பகல் 2 முதல் 7 வரை, 6 நாள். மொத்தம் 30 மணித்தியாலம். அதற்குச் சம்பளமும் உண்டு. விரிவுரை உள்ள நாளில் கடை இல்லை.

2. காலை நேரம் படிப்புக்கு. அந்நேரம் கடையிலிருந்து கோல் எடுப்பதில்லை.

3. பரீட்சைத் திகதி தெரிந்த அன்றே கடைக் கலண்டரில் குறிப்போம். அந்தக் கிழமைக்குத் தற்காலிகமாக ஓர் ஆளை எடுப்போம். நோன்புப் பெருநாள் வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னுக்கு வருவதால், மோதல் வருமா என்பதை முன்கூட்டியே பார்க்கலாம்.

4. சீசன் காரணமாக நேரம் போதாவிட்டால், ஏதாவது பாடத்தைப் பிற்போட முடியுமா என்று பதிவின்போதே கேட்பது. ஒரு வருடம் பிந்தி முடிப்பது, பாதியில் விடுவதைவிட இலாபம்.

5. மிஞ்சும் 24 மணித்தியாலமும் அவனுடையது. கிரிக்கெட், கூட்டாளிமார், உம்மாவோடு பேச்சு. முன்பு இதை வீண் என்று நினைத்தேன். களைத்த ஆள் கல்லாவில் இருந்தால் மிச்சக் காசு பிழைக்கும் என்பதை மறந்திருந்தேன்.

கடைக்கு நட்டம் வரவில்லையா என்று கேட்பீர்கள். தற்காலிக ஆளுக்குச் சம்பளம் போனது உண்மை. ஆனால் கணக்கீடு படித்த இளையவன், கடன் கொப்பியை 30, 60, 90 நாள் என்று பிரித்து எழுதித் தந்தான். எங்கே காசு முடங்கிக் கிடக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மூத்தவனும் மீண்டும் பதிய விரும்புகிறான். அவன் படிக்கும் கிழமைக்கு 30 மணித்தியாலமும் கல்லாவில் நான் அமர வேண்டும். அமர்வேன், இன்ஷா அல்லாஹ். அந்தக் கடன் என்னுடையது.