முகவரி அடையாளம் ஆகாது

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாரிஸ் லாச்சப்பலில் இயங்கும் தமிழ்ப் பள்ளிச் சங்கத்துக்காக நீர் அமைத்த மின்னஞ்சல் சேர்வரின் உள்ளமைவுக் கோப்பையும், அதோடு எழுதிவைத்த விளக்கக் குறிப்பையும் வரி வரியாக வாசித்தேன். எம்எக்ஸ், எஸ்பிஎஃப், சான்றிதழ் என்று உமக்குப் பாடம் நடத்த வரவில்லை. அதெல்லாம் உமக்குத் தெரியும். என்னை உறுத்துவது மைநெட்வொர்க்ஸ் என்ற வரி. அதில் 127.0.0.0/8 என்பதற்குப் பக்கத்தில் 172.16.0.0/12 என்றும் போட்டு, 'உள் வலையமைப்பு, நம்பகமானது' என்று மேலே குறித்திருக்கிறீர். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பொறுக்கவில்லை. உமது மெயில் மென்பொருளான போஸ்ட்பிக்ஸ், யாருடைய கடிதத்தை வெளியே கடத்தலாம் என்று சொல்லும் ரிலே விதிகளை எழுதிய ஒழுங்கில் பார்த்துக்கொண்டு போய், பொருந்தும் முதல் அனுமதியோடு நின்றுவிடும். உமது கோப்பில் முதல் விதி மைநெட்வொர்க்ஸில் உள்ளவருக்கு அனுமதி, இரண்டாவது கடவுச்சொல் கொடுத்தவருக்கு அனுமதி, சங்கத்தின் டொமைனுக்கு அல்லாத கடிதத்தை மறுப்பது மூன்றாவது. முதல் விதியிலேயே அனுமதி பெற்றவருக்கு மூன்றாவது விதி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

சேர்வர் டொக்கர் கொண்டெய்னருக்குள் ஓடுகிறது. ஐபிவி4 வழியாக வருபவரின் முகவரி வழக்கமாக அப்படியே உள்ளே போய்ச் சேரும். நீரோ டொமைனுக்கு ஐபிவி6 முகவரியும் கொடுத்திருக்கிறீர். கொண்டெய்னரின் வலையமைப்புக்கு மட்டும் அதைக் கொடுக்கவில்லை. அப்போது வெளியிலிருந்து வரும் ஐபிவி6 இணைப்பை டொக்கரின் ப்ராக்ஸி வாங்கி, தன் பெயரில் புதிதாக ஓர் ஐபிவி4 இணைப்பு எடுத்து உள்ளே கொடுக்கும். வந்தவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் போஸ்ட்பிக்ஸின் கண்ணுக்குத் தெரிவது 172.17.0.1 போன்ற ஓர் உள் முகவரிதான். அது நீர் நம்பச் சொன்ன வட்டத்துக்குள் விழுகிறது. ஆக ஐபிவி4இல் ஒழுங்காகப் பூட்டிய சேர்வர், ஐபிவி6இல் எவருடைய கடிதத்தையும் எங்கும் கடத்தும் முழு ஓப்பன் ரிலே. பாரிஸ் கட்டடத்தில் யாரோ கோட் அடித்துத் திறந்த கீழ்க்கதவால் பின்னாலேயே நுழைந்தவரும் முற்றத்தில்தான் நிற்பார். அதற்காக அவர் கையில் வீட்டுத் திறப்பைக் கொடுப்பீரா?

ஒருவர் எங்கிருந்து வருகிறார் என்பதை வைத்து அவர் யார் என்று முடிவுகட்டுவது இந்தத் தொழிலின் பழைய வியாதி. 1982இல் ஜொன் பொஸ்டல் ஆர்எஃப்சி 821ஐ எழுதியபோது, தெரியாதவரின் கடிதத்தையும் வாங்கி அடுத்த இடத்துக்குக் கடத்திவிடுவது நல்ல பழக்கம். வலையமைப்புகள் முழுமையாக இணைந்திராத காலம். ரிலே இல்லாவிட்டால் கடிதம் போய்ச் சேராது. தொண்ணூறுகளில் ஸ்பாம் அனுப்புவோர் இதையே பிடித்துக்கொண்டார்கள். செண்ட்மெயில் என்ற மெயில் மென்பொருள் 1998இல் வந்த 8.9ஆம் பதிப்பில்தான் ரிலேயை இயல்பாகவே மூடியது. அதன் பிறகும் வியாதி விடவில்லை. போஸ்ட்பிக்ஸ் வெகுகாலம் தன் சப்நெட்டில் இருக்கும் எல்லோரையும் இயல்பாக நம்பியது. வாடகைச் சேர்வர்களில் அந்தச் சப்நெட் முழுக்க முன்பின் தெரியாத வாடிக்கையாளர்கள். 2015இல் 3.0ஆம் பதிப்போடுதான் அந்த இயல்பை 'இந்த இயந்திரம் மட்டும்' என்று சுருக்கினார்கள். அவர்கள் அத்தனை வருடம் எடுத்துக் கழற்றியதை நீர் ஒரே வரியில் திரும்பப் பூட்டியிருக்கிறீர்.

அந்த வரியை எடுத்துவிட்டால் சங்கத்தின் ஸ்கான் மெஷின் எப்படிக் கடிதம் அனுப்பும், அதற்குக் கடவுச்சொல் கொடுக்கத் தெரியாதே என்று கேட்பீர். பெரும்பாலான மெஷின்களுக்குத் தெரியும். அமைப்பவர்தான் அந்தப் பக்கம் போவதில்லை. உண்மையிலேயே முடியாவிட்டால் அந்த ஒரு மெஷினின் முகவரிக்கு மட்டும், வெளியில் திறக்காத வேறொரு போர்ட்டில், சங்கச் செயலாளருக்கு மட்டும் அனுப்பலாம் என்று வழிவிடும். கடவுச்சொல்லும் களவு போகுமே என்பது இதைவிடப் பலமான கேள்வி. போகும். ஆனால் களவுபோன கடவுச்சொல்லுக்கு ஓர் ஆள் உண்டு: பதிவில் பெயர் விழும், அந்த ஒரு கணக்கை நிறுத்தலாம், மணிக்கு இத்தனை கடிதம் என்று அளவு வைக்கலாம். 172.17.0.1க்குப் பின்னால் நிற்பது யாரென்று எதை வைத்துத் தேடுவீர்? திறந்த ரிலே ஒரு சுதந்திரம் என்று வாதாடியவர்களும் உண்டு. எலெக்ட்ரொனிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேசனைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜொன் கில்மோர் தன் சேர்வரை வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தார். அவருடைய கொள்கையை மதிக்கிறேன். ஆனாலும் அந்தச் சுதந்திரத்தின் விலையைக் கட்டுவது வேறு ஆட்கள். உமது சேர்வர் ஸ்பாம்ஹவுஸ் போன்ற கறுப்புப் பட்டியலில் ஏறினால், நகரசபைக்கு மண்டபம் கேட்டு எழுதும் கடிதமும் பெற்றோருக்குப் போகும் பரீட்சை அறிவித்தலும் திரும்பி வரும். தண்டனை அனுபவிப்பவர்கள் ரிலே என்றால் என்னவென்றே அறியாதவர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 25ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் குறியாக்கத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறீர். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தது விளங்குகிறது, ஆனால் பொதுவெளியிலிருந்து கடிதம் வாங்கும் சேர்வர் அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2002இல் வந்த ஆர்எஃப்சி 3207 நேரடியாகவே சொல்கிறது. பழைய சேர்வர் வைத்திருக்கும் ஊர்ப் பாடசாலை ஒன்று எழுதினால் அந்தக் கடிதம் உமக்கு வரவே வராது. 25இல் 'முடிந்தால்' என்று வையும். கட்டாயம் எல்லாம் 465இலும் 587இலும், எங்கள் ஆட்கள் கடவுச்சொல்லோடு வரும் இடத்தில்.

இவ்வளவு கடிந்துகொண்டவன் இதையும் சொல்லவேண்டும். இல்லாத பெறுநருக்கு வரும் கடிதத்தை, அனுப்பும் சேர்வர் இணைப்பில் இருக்கும்போதே 550 சொல்லி மறுக்கிறீர். வாங்கி வைத்துவிட்டுப் பிறகு திருப்பியனுப்பினால், போலியாக எழுதப்பட்ட அனுப்புநர் முகவரிக்குச் சொந்தமான அப்பாவியின் பெட்டி நிரம்பும். அதை யோசித்து, பெறுநர் பட்டியலையும் ஒழுங்காக இணைத்திருக்கிறீர். அருமையான வேலை. எல்லாச் சேர்வர்களிலும் இந்தக் கவனத்தைக் காண முடியாது. அந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

வீட்டிலிருந்து சோதித்தபோது மறுத்தது என்று குறிப்பில் எழுதியிருக்கிறீர், ஆனால் பக்கத்தில் ஒட்டியிருப்பது 'நேரம் கடந்தது' என்ற செய்தி. பிரான்ஸில் வீட்டு இணைப்புகளில் வெளியே போகும் 25ஆம் போர்ட் பெரும்பாலும் அடைத்தே இருக்கும்; ஃப்ரீ நிறுவனத்தில் அதை உமது கணக்குப் பக்கத்தில் திறக்கலாம். உமது சோதனை சேர்வர்வரை போய்ச் சேர்ந்திருக்கவே மாட்டாது. வேறொரு வலையமைப்பில் இருக்கும் வாடகைச் சேர்வரிலிருந்து, முதலில் ஐபிவி4இலும் பிறகு ஐபிவி6இலும், கடவுச்சொல் கொடுக்காமல் இணைந்து, சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத டொமைன் ஒன்றைப் பெறுநராகக் கொடும். இரண்டிலும் 554 5.7.1 வரவேண்டும். 250 வந்தால் இணைப்பை அங்கேயே துண்டித்துவிட்டு, பதிவில் வந்தவரின் முகவரியாக என்ன விழுந்திருக்கிறது என்று பாரும். திருத்திய கோப்பையும் அந்த இரண்டு பதிவு வரிகளையும் எனக்கு அனுப்பும்.

அன்புடன்,
அண்ணன்