பேங்க் ஏலமும் ரிசர்வ் விலையும்

கடன் கட்டாதவர்களின் வீட்டையும் மனையையும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின்கீழ் வங்கிகள் இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான் ஏலம் விடுகின்றன. நாளிதழில் வரும் அந்த அறிவிப்புகளில் எல்லோர் கண்ணும் முதலில் போவது ரிசர்வ் விலைக்கு, அதாவது ஏலத்தின் குறைந்தபட்ச விலைக்குத்தான். தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான்.

நம்பிக்கை: வங்கிக்கு வரவேண்டிய பாக்கிதான் ரிசர்வ் விலை.

பாக்கி வேறு, ரிசர்வ் விலை வேறு. அறிவிப்பிலேயே இரண்டும் தனித்தனியாக இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் ஒருவர் சொத்தை மதிப்பிட்ட பிறகே, வங்கியுடன் கலந்தாலோசித்து, ஏலத்தை நடத்தும் அலுவலர் விலையை முடிவுசெய்ய வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளில் 8(5). ஆகவே 20 லட்சம் பாக்கிக்காக ஏலத்துக்கு வரும் வீட்டின் ரிசர்வ் விலை 45 லட்சமாக இருக்கலாம். 2 கோடி பாக்கிக்காக வரும் மனையின் ரிசர்வ் விலை 60 லட்சமாகவும் இருக்கலாம். கடனும் செலவும் போக மிஞ்சும் பணம், வேறு உரிமைதாரர் இல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கே திரும்பவேண்டும். ரிசர்வ் விலை ஏலம் எடுப்பவருக்கு வைத்த தடை என்று பலரும் அலுத்துக்கொள்கிறார்கள். உண்மையில், வீட்டை இழப்பவருக்கு மிஞ்சியிருக்கும் சில பாதுகாப்புகளில் அது ஒன்று. அடிமாட்டு விலை வைத்துவிட்டார்கள் என்று அவர் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகவும் முடியும்.

நம்பிக்கை: ரிசர்வ் விலை எவ்வளவு என்பது ரகசியம்.

ஈபே போன்ற தளங்களில் விற்பவர் அதை மறைத்து வைக்கலாம். ரிசர்வ் எட்டவில்லை என்பது மட்டும் கேட்பவருக்குத் தெரியும். வங்கி ஏலத்தில் அதற்கு இடமில்லை. அறிவிப்பில் வெளியிட்டே ஆகவேண்டும்.

நம்பிக்கை: யாரும் கேட்காவிட்டால் விலை இறங்கிக்கொண்டே போகும், காத்திருந்தால் லாபம்.

பாதி உண்மை. கேட்பாரில்லாத சொத்து மறு ஏலத்துக்கு வரும்போது விலை குறைவது சகஜம்; குறைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மறு ஏலத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக மீண்டும் அறிவிப்பு கொடுக்கவேண்டும். ரிசர்வ் விலையைத் தாண்டி யாரும் கேட்கவில்லை என்றால், வங்கியும் கடன் வாங்கியவரும் சம்மதித்தால்தான் கிடைத்த விலைக்கு விற்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது: ஏலம் இப்படித் தள்ளிப்போனால், அடுத்த ஏலத்தில் வங்கியே கலந்துகொண்டு சொத்தைக் கேட்கலாம். காத்திருப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தவிர, மூன்று நான்கு முறை விலைபோகாத சொத்துக்குப் பெரும்பாலும் ஏதாவது காரணம் இருக்கும். வங்கியின் கையில் இருப்பது வெறும் காகித சுவாதீனமாக இருக்கலாம், உள்ளே ஆள் குடியிருக்கலாம். உள்ளது உள்ளபடி என்ற நிபந்தனையோடு விற்பதால் அதெல்லாம் எடுப்பவர் தலையில்தான் விடியும்.

நம்பிக்கை: பின்வாங்கினால் முன்பணம் மட்டும்தான் போகும்.

முன்பணம், அதாவது இஎம்டி, வழக்கமாக ரிசர்வ் விலையில் 10 சதவீதம். அதற்குப் பிறகு ரிசர்வ் விலைக்கு வேலை இல்லை. எல்லாமே நீங்கள் கேட்ட விலையில்தான். ரிசர்வ் 40 லட்சம், கட்டிய இஎம்டி 4 லட்சம், போட்டி சூடுபிடித்து 60 லட்சத்துக்கு எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அதில் 25 சதவீதம், அதாவது 15 லட்சம், அன்றே அல்லது அடுத்த வேலைநாளுக்குள் சேரவேண்டும். இஎம்டி போகக் கையிலிருந்து 11 லட்சம். மீதி 45 லட்சத்துக்கு 15 நாள் கெடு. வங்கி எழுத்துமூலம் சம்மதித்தால் அதிகபட்சம் மூன்று மாதம். வீட்டுக்கடன் கிடைத்துவிடும் என்று நம்பி இறங்கியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

கட்டத் தவறினால் அந்த 15 லட்சமும் போகும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், 25 சதவீதத்தையும் வங்கி எடுத்துக்கொண்டது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே சொத்தை வங்கி பிறகு கூடுதல் விலைக்கே விற்றிருந்தது.