சொந்தத் தகட்டுக்கு ஒரு பிரதி: சட்டம் எதுவரை அனுமதிக்கிறது?

கேள்வி: ‘மால்குடி டேஸ்’, ‘மகாபாரத்’ ஆகிய தொலைக்காட்சித் தொடர்களின் டிவிடி தொகுப்புகளைப் பல வருஷங்களுக்கு முன் பில் போட்டு வாங்கினேன். சில தகடுகளில் இப்போதே கீறல் விழுந்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து என் மருமகன் கொண்டுவந்த ஓர் ஆங்கிலத் தொடரோ இங்குள்ள பிளேயரில் ஓடவே மாட்டேன் என்கிறது. கூடத்து டிவியோடு இணைத்திருக்கும் கணினியில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். தகட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஒரு கடைக்காரர் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். மாடியில் குடியிருப்பவர் தம் வீட்டு டிவிக்கும் இணைப்புக் கேட்கிறார். ஆனால், ‘பிரதி எடுப்பது குற்றம்’ என்று தகட்டின் உறையிலேயே அச்சிட்டிருக்கிறதே. இதில் எது கூடும், எது கூடாது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: தாங்கள் விலை கொடுத்து வாங்கிய அசல் தகட்டிலிருந்து, தங்கள் வீட்டாரே பார்ப்பதற்காக, தங்கள் கணினியில் தாங்களே ஒரு பிரதியை ஏற்றி வைத்துக்கொள்வது இந்தியச் சட்டப்படி உரிமை மீறல் ஆகாது என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் கடைக்காரர் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். மாடி வீட்டார் கேட்கும் இணைப்பைத் தாங்கள் கொடுக்கவே கூடாது.

தகட்டை விலைக்கு வாங்கியவருக்கு அந்தத் தகடு சொந்தமாகிறதே தவிர, அதில் பதிந்துள்ள படைப்பின் உரிமை அவருக்குக் கைமாறிவிடுவதில்லை. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் காட்சிப் பதிவு எதையும் ‘திரைப்படம்’ என்ற இலக்கணத்துக்குள் அடக்குவதால், தொலைக்காட்சித் தொடரும் அதன்கண் அடங்குகிறது. அதைப் பிரதி எடுப்பதும், மின்னணு முறையில் எந்தச் சாதனத்திலேனும் சேமிப்பதும் 14ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கே உரிய அதிகாரங்கள். ஆகவே, ‘என் தகடு, என் இஷ்டம்’ என்ற வாதம் நீதிமன்றத்தில் நில்லாது. சட்டமே அளித்த விலக்கு ஒன்றைத் தாங்கள் காட்டியாக வேண்டும்.

அந்த விலக்கு 52ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில், முதல் கூறிலேயே இருக்கிறது. சொந்த உபயோகத்துக்காக ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாளுவது உரிமை மீறல் ஆகாது என்று கூறும் அந்த வாசகம், முன்னர் இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் முதலியவற்றுக்கு மட்டுமே பொருந்தி, திரைப்படத்தை வெளியே நிறுத்தியிருந்தது. 2012ஆம் வருஷத்துத் திருத்தம் அந்த வேலியை அகற்றி, கணினி மென்பொருள் நீங்கலாக ‘எந்தப் படைப்பும்’ என்று அதை விரித்ததோடு, மேற்சொன்ன காரியங்களுக்காக ஒரு படைப்பை மின்னணுச் சாதனத்தில் சேமித்து வைப்பதும் மீறல் ஆகாது என்ற விளக்கத்தையும் சேர்த்தது. ஆதலால், உறையின் மீது எத்தனை பெரிய எழுத்தில் எச்சரிக்கை அச்சிட்டிருந்தாலும், பாராளுமன்றம் அளித்த விலக்கை ஒரு வியாபாரியின் அச்செழுத்து பறித்துவிட முடியாது. ஆனால் ‘நியாயமான’ என்ற அடைமொழியை மறக்கலாகாது. எந்தத் தகட்டிலிருந்து எடுத்தார், எத்தனை பிரதி எடுத்தார், யார் பார்த்தார்கள், அதனால் உரிமையாளரின் விற்பனை குன்றியதா என்பவற்றையெல்லாம் சீர்தூக்கியே நீதிமன்றம் அதை நிர்ணயிக்கும். நண்பரிடம் இரவல் வாங்கிய தகட்டையும் வாடகைத் தகட்டையும் இந்த விலக்கின் நிழலில் கொண்டுவர முயல்வது விவேகமன்று.

அடுத்தது பூட்டு விவகாரம். டிவிடிகள் பலவற்றில் சி.எஸ்.எஸ். என்னும் குறியாக்கப் பூட்டு உண்டு; அதைத் திறவாமல் தகட்டிலுள்ள கோப்புகளை அப்படியே கணினிக்குள் இழுத்துப் போட்டால், திரையில் படம் கலங்கிய கட்டங்களாகவே தெரியும். இந்தப் பூட்டைத் திறப்பதே குற்றமாயிற்றே என்று சிலர் அஞ்சுவதற்குக் காரணம், 1998ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் சொந்த உபயோகத்துக்காகத் திறப்பதையும் பொதுவாகத் தடுத்திருப்பதுதான். நம் சட்டத்தின் 65-ஏ பிரிவு அவ்வளவு கடுமையாக வரையப்படவில்லை. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவனுக்கே அது இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காகத் திறப்பதை இப்பிரிவு தடை செய்யாது என்றும் அதுவே கூறிவிடுகிறது. தன் பெட்டியின் சாவி தொலைந்தவன் பூட்டை உடைத்ததற்காக அவனைத் திருடன் என்று யாரும் சொல்வதில்லையே, அந்த நியாயமே இங்கும் பேசுகிறது.

மருமகன் கொண்டுவந்த தகடு ஓடாததற்குக் காரணம் மண்டலக் குறி. டிவிடி உலகில் அமெரிக்கா முதல் மண்டலம், இந்தியா ஐந்தாவது. இறக்குமதி செய்பவர் தம் சொந்த, குடும்ப உபயோகத்துக்காக ஒரு பிரதியைக் கொண்டுவருவதை 51ஆம் பிரிவின் நிபந்தனை அனுமதிப்பதால், அந்தத் தகடு தங்கள் வீட்டில் இருப்பதில் தோஷமில்லை. அதைக் கணினியில் ஏற்றுவதற்கும் மேலே சொன்ன நியாயமே பொருந்தும்.

கடைக்காரர் விஷயம் வேறு. பிறருக்காகப் பூட்டைத் திறக்க உதவுகிறவர், அந்தப் பிறருடைய பெயர், விலாசம், அடையாளம், திறக்கும் நோக்கம் ஆகியவற்றைப் பூரணமாகப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும் என்று 65-ஏ பிரிவே விதிக்கிறது. தங்கள் ஊர்க் கடைக்காரர் அத்தகைய பதிவேடு வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக அப்படி ஒரு விதி இருப்பதே அவருக்குப் புதிய செய்தியாயிருக்கும். மேலும், அவர் கூலிக்காகச் செய்யும் பிரதியைத் தங்கள் சொந்த உபயோகம் என்று சொல்லிக் காப்பாற்றுவது எளிதன்று. தங்களுக்காக ஏற்றிய தொடரின் இன்னொரு பிரதி அவருடைய ஹார்ட் டிஸ்கில் தங்கி, நாளை வேறொருவர் கைக்குப் போனால், அதன் மூலம் தங்கள் தகடுதான் என்ற பேச்சும் எழும்.

மாடி வீட்டு இணைப்போ சொந்த உபயோகத்தின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஏககாலத்தில் ஒரு படைப்பைக் கேபிள் முதலிய எந்த வழியிலேனும் கொண்டுசெல்வதைப் பொதுமக்களுக்குக் காட்டுவதாகவே கருத வேண்டும் என்று சட்டத்தின் இலக்கணப் பகுதி கூறுகிறது. மாடியிலிருப்பவர் எத்தனை நெருங்கிய சிநேகிதராயினும் அவர் வேறு குடும்பமே. அவர் தங்கள் கூடத்துக்கு வந்து, தங்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவதில் ஆட்சேபமில்லை; கம்பி மாடிப்படி ஏறக்கூடாது. தெரிந்தே உரிமையை மீறுபவருக்கு 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யாத இடத்தில், தக்க காரணம் எழுதி நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம். இக்குற்றத்துக்குப் போலீசார் வாரண்ட் இன்றியே கைது செய்யலாம் என்றும், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்றும் 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டிலோ, 2004ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின், திருட்டு வீடியோத் தொழில் நடத்துவோர்மீது குண்டர் சட்டமே பாயலாம். தங்களைப் போன்ற கிருகஸ்தரை அச்சட்டம் நாடி வராது. எனினும் பிரதிகளைப் பலருக்கு வழங்கும் பழக்கம் எந்தத் திசையில் கொண்டுபோய் விடும் என்பது தெரிந்திருப்பது நல்லது.

ஆகவே, ஏற்றும் வேலையை வீட்டிலேயே, தங்கள் கையாலோ பிள்ளைகளின் உதவியாலோ செய்துகொள்ளுங்கள். தகடுகளையும், தயாரித்தவரின் பெயரும் விலாசமும் அச்சிட்ட உறைகளையும், கிடைத்தால் கடை பில்லையும் ஒரே பெட்டியில் வைத்துக் காப்பாற்றுங்கள். அசலை வாங்கியே பிரதி எடுத்தீர்கள் என்பதற்கு அவையே சாட்சி. கணினியில் ஏற்றியதை இணையத்தில் போடாதீர்கள். பென்டிரைவில் பிறருக்குக் கொடுக்காதீர்கள். பின்னொரு நாள் அந்தத் தகடுகளை விற்கவோ எவருக்கேனும் கொடுத்துவிடவோ நேர்ந்தால், பிரதியைக் கணினியிலிருந்து அழித்த பிறகே கொடுங்கள். அசல் கைவிட்டுப் போன பின் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு ‘நியாயமான கையாளுகை’ என்று வாதாடுவது மிகக் கடினம்.